மூன்றாவது ஸ்க்ரூ

சுவிட்ச் பெட்டிக்குள் பிரேக்கர் விழும்போது பெரிய சத்தம் ஒன்றும் வராது. விரல் சொடுக்கியதுபோல் ஒரு ‘டக்’. விளக்கு அணையும். மின்விசிறி தயங்கித் தயங்கி நிற்கும். வாசல் சுவரில், காரோடு சேர்ந்து மெல்ல இரைந்துகொண்டிருந்த சார்ஜர் அடங்கிவிடும். அதற்குப் பிறகு வருவதுதான் சத்தம்.

முதலில் முன்னறையில் நாற்காலி பின்னால் தள்ளப்படும். அடுத்து சுவிட்ச் பெட்டியின் தகர மூடியில் ஒரு குத்து விழும். அந்த மூடி ஏற்கெனவே நெளிந்து நடுவில் குழிவிழுந்திருந்தது. பின்னறையில் தையல்காரி கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவாள். கத்தரிக்கோலை மட்டும் இழுப்பறைக்குள் போட்டு மூடுவாள். அது யார் கைக்கு எட்டக்கூடாது என்று அப்படிச் செய்கிறாள் என்பது அவளுக்கே தெளிவாகத் தெரியாது.

அவள் புருஷன் வாடகைக் கார் ஓட்டுகிறவர். தெருவில் எல்லோருக்கும் அவர் டிரைவர்தான். பழைய டீசல் வண்டியைக் கொடுத்துவிட்டு மின்சாரக் கார் எடுத்தார். ராத்திரி சார்ஜ் ஏறினால்தான் காலையில் வண்டி நகரும். வந்த புதிதில் ஒழுங்காகத்தான் ஏறியது. அப்புறம் ஒரு நாள் விழுந்தது. அன்றிலிருந்து, காரில் சார்ஜர் பிளக்கைச் செருகிய கொஞ்ச நேரத்தில் ‘டக்’. தூக்கிவிட்டால் மறுபடி ‘டக்’. மற்றபடி வீட்டில் விளக்கும் விசிறியும் மிக்சியும் ஓடும்போது எந்தத் தொல்லையும் கிடையாது.

டிரைவருக்குக் குடிப் பழக்கம் இல்லை. “குடிச்சிட்டு அடிச்சா, குடி அடிச்சுதுன்னு சொல்லி மனச ஆத்திக்கலாம்க்கா. இவரு பல்லு விளக்கி, முகம் கழுவி, தெளிவா அடிக்கிறாரு” என்று தையல்காரி ஒருமுறை பக்கத்து வீட்டு வேன்காரரின் மனைவியிடம் சொன்னாள். சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தாள். பிள்ளை இல்லை என்பதற்கு அடி, சோறு ஆறியதற்கு அடி, கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னதற்கு ஒன்று, சொல்லாததற்கு ஒன்று.

சார்ஜர் கம்பெனி ஆள் வந்து பார்த்தான். காரைப் பார்த்தான், சார்ஜரைக் கழற்றிப் பார்த்தான். “வண்டியும் சரி, சார்ஜரும் சரி சார். உங்க வீட்டு வயரிங்லதான் எங்கயோ கோளாறு” என்றான். அந்த நேரம் பார்த்துத்தான் அவள் டீ கொண்டுவந்து நீட்டினாள். டிரைவர் அவனை மரியாதையாக வழியனுப்பினார். கேட்டைச் சாத்திவிட்டுத் திரும்பி வந்தார்.

“வெளியாள் வந்து என் வீட்டுல கோளாறுங்கறான். நீ பல்லக் காட்டிக்கிட்டு டீ குடுக்கற?”

ஒரே அறைதான். இடது காதில் விழுந்தது. உள்ளே ஏதோ நூல் அறுந்ததுபோல் இருந்தது. அதற்குப் பிறகு அந்தப் பக்கம் பேசுகிறவர்களைப் பார்க்க அவள் முகத்தை முழுசாகத் திருப்ப வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மழைக்குள் வயர்மேன் வந்தார். டிரைவரின் அக்கா புருஷன். வீட்டுக்கு வயர் இழுத்தவரும் அவர்தான். பேச்சு மிகக் குறைவு. பையை வாசலில் வைத்து, சட்டையிலிருந்த தண்ணீரை உதறிவிட்டு நின்றார்.

“வாங்க மச்சான். அக்கா வரலயா?”

வயர்மேன் இல்லை என்று தலையாட்டினார்.

“வாயத் திறந்து சொன்னா ஷாக் அடிச்சிருமா? ஏய், உங்க அண்ணன் வந்திருக்காரு. ஊமைக்கு ஒரு டீ போடு.”

அவள் சமையலறை வாசலுக்கு வந்தாள். “வாங்கண்ணே” என்றாள். வயர்மேன் அவளுக்கு இடது பக்கம் நின்று “மழை பிடிச்சிக்கிச்சும்மா” என்றார். அவள் மொத்த முகத்தையும் திருப்பி, “என்னண்ணே?” என்று கேட்டாள். அவர் அந்தக் காதைப் பார்த்தார். மச்சினனைப் பார்த்தார். பிறகு பையைத் திறந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். இத்தனை வருஷமாக அவர் இதைத்தான் செய்துவந்தார். வீட்டுக்குப் போனால் பெண்டாட்டி கேட்பாள். ‘தம்பி எப்படியிருக்கான்?’ ‘இருக்கான்.’ ‘கோவக்காரன்தான். ஆனா மனசு வெள்ளை.’ அதற்கும் அவர் தலையாட்டுவார்.

மெயினை அணைத்துவிட்டு பெட்டியின் மூடியைக் கழற்றினார். குழியில் விரலை வைத்துப் பார்த்தார். டிரைவர் டார்ச் அடித்துக்கொண்டு பின்னால் நின்றார்.

“கார் போட்டா மட்டும் எதுக்கு மச்சான் விழுது? மத்ததெல்லாம் ஓடுதே.”

“உள்ள போற கரண்ட் மொத்தமும் நியூட்ரல் வழியாத் திரும்பி இதுக்குள்ள வரணும்” என்றார் வயர்மேன். “போனதுக்கும் வந்ததுக்கும் கணக்கு இடிச்சா பிரேக்கர் விழுந்துரும். எங்கயோ நியூட்ரலும் எர்த்தும் ஒட்டிக்கிட்டு இருக்கும். விசிறி ஓடும்போது கசியறது கொஞ்சம். அத இது பொறுத்துக்கும். கார் இழுக்கற இழுப்புல கசிவும் பெருசாயிரும்.”

“பாருடா, ஊமை எவ்வளவு பேசறாருன்னு! போனது அப்படியே திரும்பி வரணுமாமில்ல. என் வீட்டுல எது மச்சான் அப்படி வந்திருக்கு?”

வயர்மேன் நியூட்ரல் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பிரித்தார். வயர் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கிறதா என்று காட்டும் மெகர் கருவியின் ஒரு கவ்வியை எர்த்தில் மாட்டி, இன்னொன்றை ஒவ்வொரு வயரிலும் தொட்டு, கைப்பிடியைச் சுற்றினார். சமையலறை நல்லது. முன்னறை நல்லது. சார்ஜர் வயர் நல்லது. கடைசி வயரில் முள் அசையவே இல்லை. பூஜ்யத்தில் படுத்துக் கிடந்தது.

“பின் ரூம்” என்றார்.

சமையலறையில் ஒரு கரண்டி கீழே விழுந்த சத்தம் கேட்டது.

“சொன்னேன்ல!” டிரைவர் டார்ச்சை அவர் கையில் திணித்தார். “அந்தத் தையல் மெஷின்தான். மோட்டாரு மாட்டினாளே, அன்னிக்கே சொன்னேன்.”

“இரு. அதக் கழட்டிட்டு இன்னொரு வாட்டி…”

டிரைவர் அதற்குள் போய்விட்டார். வயர்மேன் பின்னால் போவதற்குள் அங்கே எல்லாம் நடந்து முடிந்தது. டிரைவர் ப்ளக்கைப் பிடுங்கினார். மேஜையிலிருந்து மெஷினை இரண்டு கையாலும் தூக்கினார். இரும்பு மெஷின், கனம் அவர் கழுத்து நரம்பில் தெரிந்தது. ஜன்னலடியில் தரையில் போட்டார். சக்கரம் உடைந்து சுவர்வரை உருண்டுபோனது. தைத்துக்கொண்டிருந்த நீலத் திரைச்சீலை ஊசியில் மாட்டி நீளமாகக் கிழிந்தது.

தையல்காரி அறை வாசலில் நின்று பார்த்தாள். கத்தவில்லை. மெஷின் விழுந்தபோது அவள் கை மட்டும் தானாகத் தலையை மூடியது.

வயர்மேன் முன்னறைக்குத் திரும்பிப் போய் மெகரைச் சுற்றினார். முள் அதே இடத்தில் கிடந்தது.

“மெஷின் இல்ல” என்றார். “வயரு.”

டிரைவர் முள்ளை எட்டிப் பார்த்தார். பிறகு, “சரி விடுங்க. பழைய மெஷின்தானே” என்றார். போன் அடித்தது. நாளைக் காலை சவாரிக்காக யாரோ கூப்பிட்டார்கள். “வந்துருவேன் சார், வண்டி கண்டிசனா இருக்கு” என்று சொல்லிக்கொண்டே வாசல் பக்கம் போனார். அவர் குரல் நல்ல குரல். தெரியாதவர்கள் கேட்டால் நம்பி வண்டியில் ஏறுவார்கள்.

பின்னறையில் தையல்காரி உடைந்த சக்கரத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வயர்மேன் ப்ளக் பாயிண்டைக் கழற்றிப் பார்த்தார். சுத்தமாக இருந்தது. வயர் போன வழியை நினைவிலிருந்து தேடினார். கதவு நிலையை ஒட்டினாற்போல் சுவருக்குள் குழாய் மேலே போகிறது. நிலையைப் பார்க்க முடியாதபடி கதவிலும் ஆணிகளிலும் முடிக்காத திரைச்சீலைகள் தொங்கின. அவர் அவற்றை ஒதுக்கக் கை நீட்டினார்.

“அண்ணே” என்றாள் அவள்.

அவர் ஒதுக்கிவிட்டார்.

கதவின் உட்பக்கம் புது இரும்புத் தாழ்ப்பாள். நிலையில் அதன் கோல் நுழையும் வளையம். வளையத்தை மூன்று ஸ்க்ரூக்கள் பிடித்திருந்தன. தலைகளெல்லாம் தேய்ந்து மழுங்கியிருந்தன. அளவு பொருந்தாத கருவியால், பழக்கமில்லாத கை முறுக்கியது என்று பார்த்ததும் தெரிந்தது.

“எதால முறுக்கின?”

“மெஷினோட சின்ன ஸ்க்ரூடிரைவர். கை கொப்பளிச்சிருச்சி.”

“எப்ப?”

அவள் வலது ஆள்காட்டி விரலைக் காட்டினாள். நகத்தின் நடுவில் கறுப்பாக ஒரு புள்ளி. “தெச்சிட்டிருக்கும்போது முடியப் பிடிச்சு இழுத்தாரு. மெஷின் ஓடிட்டே இருந்திச்சு. ஊசி இப்பிடிப் போயி அப்பிடி வந்திச்சு. மறுநாளே வாங்கி மாட்டிட்டேன். ஒரு தடவ வந்து தள்ளிப் பாத்தாரு. மழைக்குக் கதவு ஊதிப்போச்சுன்னு நெனச்சுப் போயிட்டாரு.”

“நீளமான ஸ்க்ரூவா போட்ட?”

“திரைக்கம்பி மாட்டறதுக்கு வெச்சிருந்தது. நிலை மரம் பொடிஞ்சுபோயிருக்குண்ணே. சின்னது பிடிக்கல.” அவள் முகத்தைத் திருப்பினாள். “நீங்க தேடி வந்தது இதுவா?”

“இதுதாம்மா.”

அவர் நடு ஸ்க்ரூவை மெல்லத் திருகினார். விரல் நீளத்துக்கு வந்துகொண்டே இருந்தது. நுனி கருகியிருந்தது. இழைக்குள் செம்புத் துணுக்கு ஒன்று மினுங்கியது. நிலையைத் தாண்டி, குழாயைத் துளைத்து, நியூட்ரலையும் எர்த்தையும் ஒன்றாகக் கடித்துக்கொண்டு இருந்திருக்கிறது. ஒரு நூல் இந்தப் பக்கம் போயிருந்தால் ஃபேஸைத் தொட்டிருக்கும். தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அவள் தொட்டு இழுத்த இரும்பிலேயே கரண்ட் நின்றிருக்கும். 

பெட்டிக்குப் போய் மெகரைச் சுற்றிப் பார்த்தார். முள் நன்றாக ஏறியது. திரும்பி வந்தார்.

“மத்த ரெண்டும் வயரத் தொடல” என்றார்.

“ரெண்டு நிக்குமாண்ணே?”

அவர் வெகுநேரம் அந்த வளையத்தையே பார்த்தார். வெளியே மழை ஓட்டிலிருந்து சீராக விழுந்துகொண்டிருந்தது.

“நிக்கும்” என்றார்.

“மச்சான்! கிடைச்சுதா?” வாசலிலிருந்து குரல் வந்தது. அவர் ஸ்க்ரூவைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அவள் எழுந்து, திரைச்சீலைகளைப் பழையபடி இழுத்து மூடினாள்.

பிரித்த வயர்களை மாட்டி, மெயினைப் போட்டுவிட்டு, “ஈரம்” என்றார் வயர்மேன் முன்னறையில். “செவுத்துல ஈரம் இறங்கியிருக்கு. வயர நகத்தி விட்டிருக்கேன். போட்டுப் பாரு.”

டிரைவர் சார்ஜர் பிளக்கைக் காரில் செருகினார். சார்ஜரில் பச்சை விளக்கு எரிந்தது. இரைச்சல் தொடங்கியது. இருவரும் மழைச்சாரலில் நின்று காத்திருந்தார்கள். வழக்கமாக விழும் நேரம் வந்தது, கடந்தது. டீ ஆறியது. விழவில்லை.

“ஏறுது மச்சான்!” டிரைவர் சின்னப் பிள்ளைபோல் குதித்தார். “ஏறுது பாருங்க! கம்பெனிக்காரனுக்குத் தெரியல, எங்க ஊமை கண்டுபிடிச்சிட்டாரு! ஏய், சோறு ஆக்குடி, முட்ட பொரி, மச்சான் சாப்பிட்டுத்தான் போவாரு!” அவர் வயர்மேனை இழுத்து மார்போடு இறுகக் கட்டிக்கொண்டார்.

உடனே விலகினார்.

“என்னமோ குத்துதே.”

சிரித்துக்கொண்டேதான் பைக்குள் விரலை விட்டார். எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். கருகிய நுனியைப் பார்த்தார். செம்பைப் பார்த்தார்.

“இது திரைக்கம்பி ஸ்க்ரூ. உள்ள டப்பா நிறைய இருக்கு.” சிரிப்பு இன்னும் முகத்தில் மிச்சம் இருந்தது. “ஈரம்னீங்க?”

வயர்மேன் சார்ஜரின் பச்சை விளக்கைப் பார்த்தார்.

“எங்க இருந்திச்சி இது? மச்சான், உங்களத்தான் கேக்கறேன். எங்க?”

அப்போது ஒரு பொய் போதுமாயிருந்தது. ஜன்னல் கம்பி என்று சொல்லியிருக்கலாம். அலமாரி என்று சொல்லியிருக்கலாம். வாழ்நாளெல்லாம் பேசாமல் இருந்து பழகிய வாய், பேச வேண்டிய அந்த ஒரு நொடியிலும் பேசாமலே இருந்தது. ஆனால் கண் பின்னறைப் பக்கம் போய்விட்டது. டிரைவருக்கு அது போதும்.

அவர் நடந்து போனார், ஓடவில்லை. பின்னறைக் கதவு சாத்தியிருந்தது. தள்ளினார். உள்ளே இரும்பில் இரும்பு உரசும் சத்தத்தை முதல்முறையாகக் கேட்டார்.

“தாழ்ப்பாளா?” என்றார், யாரையோ விசாரிப்பதுபோல. “என் வீட்டுல, எனக்குத் தாழ்ப்பாளா?”

அவர் மறுபடி தள்ளினார்.

“என் வண்டி நாளெல்லாம் சாகுது. ரோட்டுல நின்னு அவன் இவன்கிட்டல்லாம் பேச்சு வாங்கறேன். நீ ஸ்க்ரூ அடிச்சு வெச்சிட்டு உள்ள உக்காந்து சிரிச்சியாடி? தெற! தெறடி!”

முதல் உதையில் கதவு அதிர்ந்து நிலையிலிருந்து மரத்தூள் கொட்டியது. வயர்மேன் பின்னாலிருந்து அவர் இடுப்பைப் பிடித்தார்.

“வேணாம். அவளுக்குத் தெரியாது. வயர் அங்க போகுதுன்னு எனக்குத்தான்…”

“விடுய்யா! நீயும் கூட்டுதானே? ஈரம்னு சொன்னியேய்யா எங்கிட்ட!”

முழங்கை வாயில் விழுந்தது. வயர்மேன் விடவில்லை. டிரைவர் கதவருகே கிடந்த அவர் பையிலிருந்து குறடு ஒன்றை எடுத்து, திரும்பி, முகத்தில் அடித்தார். ஒரு பல் உள்ளே சாய்ந்தது. இரண்டாவது அடி புருவத்தில். கண்ணுக்குள் ரத்தம் இறங்கியது. வயர்மேன் சுவரோடு சரிந்து உட்கார்ந்தார். உட்கார்ந்தபடியே மச்சினனின் காலைப் பிடித்தார். கை மிதிபட்டது.

இரண்டாவது உதையில் வளையத்தின் ஒரு ஸ்க்ரூ உள்ளே கழன்று தரையில் விழுந்து உருண்டது கேட்டது. இனி ஒன்றுதான்.

டிரைவர் முன்னறைவரை பின்னால் போனார். தோளை இறக்கினார். ஓடி வந்தார்.

அந்த நேரத்தில் உள்ளே கோல் பின்னால் இழுபட்டது.

இடிக்க வந்த தோளுக்குக் கதவு கிடைக்கவில்லை. விரியத் திறந்த இடத்துக்குள் அவர் தன் முழு வேகத்தோடும் போனார். வாசலுக்கு நேராகத் தரையில் கிடந்த தையல் மெஷின் காலை வாரியது. விழுந்தபோது வலது கை மெஷினுக்கும் உடம்புக்கும் நடுவில் அகப்பட்டது. பச்சைக் குச்சி முறியும் சத்தம் வந்தது. அதற்குப் பின் வந்த அலறல் அந்த வீட்டில் அதுவரை யாரும் கேட்காதது. அவருடைய குரல் அப்படியும் வரும் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

அவள் கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள். அவரைத் தாண்டி, சேலை படாமல் காலைத் தூக்கி வைத்து நடந்தாள்.

வேன்காரரும் அவர் மனைவியும் ஓடி வந்தார்கள். மேல்கை எலும்பு தோலைத் தள்ளிக்கொண்டு நின்றது. டிரைவர் வெளுத்துப்போய், “அம்மா, அம்மா” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். “எப்பிடிங்க ஆச்சு?” என்று வேன்காரர் கேட்டார்.

“தடுக்கி விழுந்துட்டாரு” என்றாள் அவள். “மெஷின் கீழ கிடந்திச்சு.”

வேனில் ஏற்றினார்கள். “நீ வரலயா?” என்று வேன்காரர் மனைவி கேட்டாள். “அவங்க அக்காவுக்குப் போன் பண்ணிட்டேன், நேரா ஆஸ்பத்திரிக்கே வந்துருவாங்க” என்றாள். வேன் போனது. சார்ஜர் இரைந்துகொண்டே இருந்தது. அதை யாரும் அணைக்கவில்லை.

வயர்மேன் குழாயடியில் வாயைக் கொப்பளித்தார். அவள் ஒரு வெள்ளைத் துணியைக் கிழித்துப் புருவத்தில் கட்டிவிட்டாள். ஆறிய டீயைச் சூடாக்கிக் கொடுத்தாள். அவர் வாயின் ஒரு பக்கமாக உறிஞ்சினார்.

பின்னறைக்குப் போனபோது தரையில் ஒரு கீறல் தெரிந்தது. ஜன்னலடியில் தொடங்கி கதவுக்கு நேராக வந்தது. கனமான இரும்பை இழுத்து வந்த புதுக் கீறல். அவர் அதைப் பார்த்தார். அவர் பார்ப்பதை அவளும் பார்த்தாள்.

“ரெண்டு ஸ்க்ரூ நிக்கும்னு சொன்னீங்கண்ணே” என்றாள். “எனக்கு நம்பிக்கை வரல. அதான் நானே திறந்துட்டேன்.”

அவர் பெட்டிக்குப் போய்ப் பின்னறைக்கான கரண்டை மட்டும் நிறுத்திவிட்டு வந்தார். உளியையும் சுத்தியலையும் எடுத்தார். நிலையை ஒட்டிய சுவரைக் கொத்தினார். காயம்பட்ட வயரை வெட்டி எடுத்து, புது வயர் போட்டு, பாதையை ஒரு முழம் தள்ளி மாற்றினார். மிதிபட்ட விரல்கள் வீங்கிச் சொன்னபடி கேட்கவில்லை. அவள் டார்ச் பிடித்தாள். பொடிந்த மரத்தைச் சுரண்டி எறிந்துவிட்டு, நல்ல கட்டையாக ஒரு துண்டு அறுத்து அந்தக் குழியில் அடித்து இறுக்கினார். அதன் மேல் வளையத்தை வைத்தார்.

“நீளமானதே போடுங்கண்ணே.”

“ம்.”

அவள் டப்பாவிலிருந்து ஸ்க்ரூக்களை எடுத்துக் கொடுத்தாள். அவர் முறுக்கினார். மூன்றாவதை முறுக்கும்போது அவருக்கு மூச்சு வாங்கியது. நடுவில் போன் அடித்தது, அவர் பெண்டாட்டி. “என் தம்பிய என்னய்யா பண்ணீங்க?” என்று கத்தியது வெளியே கேட்டது. அவர் போனைக் காதிலிருந்து எடுத்து, தரையில் வைத்தார். அது கொஞ்ச நேரம் பேசிவிட்டு அடங்கியது.

“கை கூடி வர நாளாகும்மா” என்றார். “அதுவரைக்கும்…”

“அதுவரைக்கும் யோசிக்கலாம்” என்றாள் அவள். “நீங்க வெளிய போங்க.”

அவர் வெளியே வந்தார். கதவு மூடியது. கோல் ஏறும் சத்தம் கேட்டது.

“தள்ளிப் பாருங்க.”

அவர் தள்ளினார். அசையவில்லை.

“அப்பிடி இல்லண்ணே.” குரல் கதவுக்கு மிக அருகில், தாழ்வாக வந்தது. “அவரு மாதிரி.”

வயர்மேன் நின்றார். வெளியே மழை விட்டிருந்தது. சார்ஜரின் இரைச்சல் மட்டும் வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தது. அவர் ஒரு அடி பின்னால் போனார். செருப்பைக் கழற்றினார். பிறகு என்ன நினைத்தாரோ, மறுபடி மாட்டிக்கொண்டார். காலைத் தூக்கி உதைத்தார்.

“இன்னும்.”

உதைத்தார். கட்டிய துணிக்குள் ரத்தம் மறுபடி கசிந்தது.

“இன்னும், அண்ணே.”

அவர் முன்னறைவரை பின்னால் போனார். மச்சினன் இறக்கியதுபோலவே தோளை இறக்கினார். அப்படி நிற்க உடம்புக்கு எவ்வளவு சுலபமாக வருகிறது என்பது அவரைப் பயமுறுத்தியது. ஓடிப்போய் மோதினார். எலும்புவரை வலித்தது. கதவு நின்றது.

அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே தரையில் அவள் உட்காரும் ஓசை கேட்டது. கதவில் முதுகைச் சாய்த்திருக்க வேண்டும்.

“சரிண்ணே” என்றாள். “நீங்க போங்க.”

கதவைத் திறக்கவில்லை.